பார்த்ததற்கும் கூலி: தடை மேல் தடை வந்தும் கேரளத்தில் 'நோக்குக்கூலி' ஒழியாதது ஏன்?

கொச்சி: லாரியில் வந்த கிரானைட் பலகைகளைக் கிரேன் ஒன்று இறக்கி வைக்கிறது. சற்றுத் தள்ளி நிற்கும் சுமைப்பணித் தொழிலாளர்கள் அவற்றைத் தொடவே இல்லை. வேலை முடிந்ததும் அவர்கள் வந்து இறக்குக்கூலி கேட்கின்றனர். அது செய்த வேலைக்கான கூலி அல்ல. தங்கள் பகுதியில், தங்கள் கண்ணெதிரே நடந்த, தங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய வேலைக்கான கூலி.

இதற்கு மலையாளத்தில் 'நோக்குக்கூலி' என்று பெயர். நோக்குதல் என்றால் பார்த்தல். கூலி என்றால் கூலிதான். தமிழருக்கு மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையில்லாத சொல் இது.

இந்த வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைப்பதாகக் கேரள அரசு 2018ஆம் ஆண்டு மே 1ஆம் தேதி, தொழிலாளர் தினத்தன்றே அறிவித்தது. முதலமைச்சர் பினராயி விஜயன் மத்திய தொழிற்சங்கங்களை அழைத்துப் பேசி, அவற்றின் ஒப்புதலுடன் எடுத்த முடிவு அது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2021இல், அதே வழக்கத்துக்காகக் கேரள உயர் நீதிமன்றம் அரசையும் காவல்துறையையும் கண்டித்தது. 2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் மாநிலங்களவையில் நோக்குக்கூலியைக் குறிப்பிட்டுக் கேரளத்தை விமர்சித்தார். அப்படி ஒன்று இப்போது இல்லை என்று மாநிலத்தின் ஆளும் தரப்பு மறுத்தது.

தொழிற்சங்கங்கள் எதிர்க்கின்றன, அரசு தடை செய்கிறது, நீதிமன்றம் கண்டிக்கிறது. ஆதரித்துப் பேச ஒருவரும் இல்லாத ஒரு வழக்கம் எப்படி உயிர் பிழைக்கிறது என்ற கேள்விக்கு விடை தேட வேண்டிய இடங்களில் ஒன்று, கொச்சியின் மட்டாஞ்சேரி.

செப்புத் துண்டுக்காக முண்டியடித்த காலம்

மட்டாஞ்சேரியின் ஒரு பகுதியான கொச்சங்காடி, பெயரிலேயே அங்காடியைச் சுமந்து நிற்கிறது. அங்கிருந்த யூத வழிபாட்டுத் தலத்தின் 1344ஆம் ஆண்டுக் கல்வெட்டு, இன்று அருகிலுள்ள பரதேசி யூத ஆலயத்தின் வெளிச்சுவரில் பதிக்கப்பட்டுள்ளது. மிளகும் இஞ்சியும் ஏலமும் அரிசியும் பல நூற்றாண்டுகளாக வந்து போன கரை இது. சரக்கு இருந்த இடத்தில் எல்லாம் அதைத் தலையிலும் முதுகிலும் சுமந்தவர்களும் இருந்தனர்.

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் கொச்சித் துறைமுகம் நவீனமானபோது, கப்பல் வேலைக்கு ஆள் எடுக்க 'சாப்பா' என்ற முறை இருந்தது. சாப்பா என்பது உலோக வில்லை. அன்றைய வேலைக்கு எத்தனை பேர் தேவையோ அத்தனை வில்லைகளை ஒப்பந்தக்காரரின் ஆட்கள் கூட்டத்தின் மீது வீசுவார்கள். தேவையைவிடப் பல மடங்கு பேர் காத்திருப்பார்கள். விழுந்து, புரண்டு, அடித்துக்கொண்டு வில்லையைக் கைப்பற்றியவருக்கு அன்று வேலை. மற்றவர்களுக்குப் பட்டினி.

இதை எதிர்த்துப் போராடிய தொழிலாளர்கள் மீது 1953ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது. அப்போது கொச்சி, திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. அந்தப் போராட்டத்தில் உயிரிழந்த மூவரைத் தொழிலாளர் இயக்கம் இன்றும் 'மட்டாஞ்சேரி தியாகிகள்' என்று நினைவுகூர்கிறது. கே.எம்.சிதம்பரன் 1968இல் எழுதிய நாடகத்தை அடிப்படையாகக் கொண்டு, ராஜீவ் ரவி இயக்கத்தில் நிவின் பாலி நடித்து 2023இல் வெளியான 'துறமுகம்' திரைப்படம் இந்தக் கதையைத்தான் சொல்கிறது.

இதில் பலரும் கவனிக்காமல் விடும் ஒரு தேதி உண்டு. துறைமுகத் தொழிலாளர்களுக்கு முறையான பதிவும் வேலை ஒழுங்கும் அளிப்பதற்கான சட்டத்தை இந்திய நாடாளுமன்றம் 1948ஆம் ஆண்டிலேயே நிறைவேற்றிவிட்டது. துப்பாக்கிச்சூடு நடந்தபோது அந்தச் சட்டத்துக்கு ஐந்து வயது. பம்பாய், கல்கத்தா, சென்னைத் துறைமுகங்களில் அதன் கீழான திட்டங்கள் 1950களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டன. கொச்சிக்கான திட்டம் 1959இல்தான் வந்தது. சாப்பா முறை ஒழிந்தது 1962இல்.

அதாவது மட்டாஞ்சேரி முதலில் சந்தித்த 'நடைமுறைக்கு வராத சட்டம்', தொழிலாளியைக் காப்பதற்காக எழுதப்பட்டது. சட்டப் புத்தகத்தில் பதினான்கு ஆண்டுகள் இருந்த பாதுகாப்பு, படகுத்துறையில் வில்லை வீசிய கையைத் தடுக்கவில்லை. அந்த இடத்தில் சட்டத்தின் சார்பில் நிற்க யாரும் இல்லை. ஒப்பந்தக்காரரின் ஆள் மட்டுமே நின்றான். பிறகு அந்த இடத்தில் சங்கம் வந்து நின்றது. வேலையைத் தருவது காகிதம் அல்ல, கூட்டமாக நிற்பதுதான் என்ற பாடத்தைக் கேரளத்தின் சுமைப்பணித் தொழிலாளர்கள் கற்றது இப்படித்தான். நோக்குக்கூலி அந்தப் பாடத்தின் கோணலான வாரிசு.

உரிமையாக வந்தது

கேரள சுமைத் தொழிலாளர் சட்டம் 1978இல் உருவானது. சுமைப்பணியில் ஈடுபடுவோரைப் பதிவு செய்து, அடையாள அட்டை வழங்கி, கூலியை ஒழுங்குபடுத்தி, ஓய்வூதியம், மருத்துவ உதவி போன்றவற்றை நல வாரியம் மூலம் வழங்குவது அதன் நோக்கம். மகாராஷ்டிரத்தின் 1969ஆம் ஆண்டு மாத்தாடி தொழிலாளர் சட்டமும், தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. நிரந்தர முதலாளி இல்லாதவர்களுக்குச் சமூகப் பாதுகாப்பு அளித்த வகையில் இவை முன்னோடிச் சட்டங்கள் என்பதில் ஐயமில்லை.

ஆனால் கேரளத்தில் இந்த ஏற்பாடு பகுதிவாரியாக அமைந்தது. திட்டம் அமலில் உள்ள பகுதியில் வரும் சரக்கை, அந்தப் பகுதியில் பதிவு பெற்ற தொழிலாளர்கள் கையாள வேண்டும். ஒரு சந்தை, ஒரு வட்டாரம், அதற்கு ஒரு குழு, குழுவுக்குள் முறை. 'இங்கு வரும் சுமை எங்களுடையது' என்ற எண்ணம் இதிலிருந்து இயல்பாகவே வளர்ந்தது.

பிறகு இயந்திரங்கள் வந்தன. மணலைப் பின்புறம் சாய்த்துக் கொட்டும் டிப்பர், பலகையோடு தூக்கும் கிரேன், ஃபோர்க்லிஃப்ட், கொள்கலன். 2011இல் கொச்சியின் வல்லார்பாடம் கொள்கலன் முனையம் செயல்படத் தொடங்கியது. மட்டாஞ்சேரியின் பழைய கிடங்குகள் சில கலைப்பொருள் கடைகளாயின. சில, 2012இல் தொடங்கிய கொச்சி-முசிறிஸ் பினாலே கலைக் கண்காட்சியின் அரங்குகளாயின. பத்துப் பேர் அரை நாள் செய்த வேலை பத்து நிமிடத்தில் முடியும்போது, பகுதி உரிமை மட்டும் மிஞ்சியது. சுமை போய்விட்டது, சுமைக்கான உரிமை நின்றுவிட்டது. அந்த இடைவெளிக்கு வைக்கப்பட்ட விலைதான் நோக்குக்கூலி.

இதை நியாயப்படுத்த முடியாது. ஆனால் தடை ஆணைகள் எல்லாம் 'வாங்காதே' என்று சொல்வதோடு நின்றுவிட்டன என்பதும், இயந்திரம் எடுத்துக்கொண்ட வேலைக்குப் பதில் என்ன என்பதை அவை தொடவே இல்லை என்பதும் உண்மை.

தடை எங்கே தடுமாறுகிறது?

எடுத்துக்காட்டாக, கொச்சங்காடி போன்ற ஒரு குறுகிய தெருவில் வீடு கட்டுபவரை எண்ணிப் பார்க்கலாம். டைல்ஸ் ஏற்றிய லாரி தெருமுனையில் நிற்கிறது. பின்னால் ஆட்டோக்கள் ஒலியெழுப்புகின்றன. கிரேனுக்கு மணிக்கணக்கில் வாடகை ஓடுகிறது. லாரி ஓட்டுநர், பெரும்பாலும் வெளியூர்க்காரர், இரவுக்குள் திரும்ப வேண்டும். ஒரு தொகை கேட்கப்படுகிறது. கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் முடியும். மறுத்தால் யாரும் கை ஓங்கப் போவதில்லை. லாரிக்கு முன்னால் நான்கு பேர் நிற்பார்கள், அவ்வளவுதான்.

அவருக்குச் சட்டத்தின் துணை உண்டு. நோக்குக்கூலி கேட்பது மிரட்டிப் பணம் பறிக்கும் குற்றம். கொடுப்பவர் குற்றவாளி அல்ல. ஆனால் புகார் அளித்தால் காவலர் வரும் வரை லாரி நிற்க வேண்டும். நாளை செங்கல் வரும், மறுநாள் ஜன்னல் சட்டம் வரும், அடுத்த மாதம் அலமாரி வரும். ஒவ்வொரு முறையும் அதே தெருமுனை, அதே ஆட்கள். காவலர் ஒரு முறை வருவார். ஆகவே அவர் பேரம் பேசி, கேட்டதில் பாதியைக் கொடுத்துவிட்டு உள்ளே போகிறார்.

பேரம் முடிந்த நொடியில் குற்றம் மறைந்துவிடுகிறது. ரசீது இல்லை. இருந்தாலும் அதில் 'பார்த்ததற்கான கூலி' என்று யாரும் எழுதுவதில்லை. கூடுதல் கூலி, சாயா காசு, நன்கொடை என எந்தப் பெயரும் பொருந்தும். ஓரிரண்டு பெட்டிகளைக் கைமாற்றிவிட்டால் வேலையும் செய்ததாகிவிடும்.

இந்தக் கடைசி ஓட்டை கேரளத்துக்கு மட்டும் உரியதல்ல. செய்யாத வேலைக்குத் தொழிற்சங்கங்கள் கூலி பெறுவதை அமெரிக்கா 1947ஆம் ஆண்டின் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டத்தில் தடை செய்தது. அக்காலத்தில் அந்நாட்டுச் செய்தித்தாள்களுக்கு விளம்பரங்கள் ஆயத்த வார்ப்புகளாக வந்துசேரும். அச்சுக் கோக்கத் தேவையிராது. ஆனாலும் அச்சுக்கோப்பாளர் சங்கத்தின் விதிப்படி, அதே விளம்பரத்தை மீண்டும் ஒருமுறை எழுத்தெழுத்தாகக் கோத்து, பிழை திருத்தி, பிறகு அப்படியே கலைத்துப் போட வேண்டும். அதற்கும் கூலி உண்டு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மட்டாஞ்சேரியில் துப்பாக்கி வெடித்த அதே 1953ஆம் ஆண்டில் அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது: வேலை பயனற்றதாக இருக்கலாம், ஆனால் செய்யப்பட்டிருக்கிறது; எனவே சட்டம் இதைத் தடுக்காது.

பெயர் மாற்றம் கேரளத்துக்கு நன்கு பழகிய உத்தியும்கூட. 'பந்த்' அழைப்பு அரசியலமைப்புக்கு முரணானது என்று 1997இல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதன் பிறகு கேரளத்தில் கடையடைப்பு நிற்கவில்லை. அழைப்பின் பெயர் 'ஹர்த்தால்' என்று மாறியது. ஹர்த்தாலுக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று 2019ஆம் ஆண்டு ஜனவரியில் உயர் நீதிமன்றம் மீண்டும் தலையிட வேண்டியிருந்தது.

கொடுப்பவரும் வாங்குபவரும் சேர்ந்து மறைக்கும் செயலைத் தடுப்பதில் எல்லாச் சட்டங்களும் இதே சுவரில்தான் முட்டுகின்றன. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் வாங்குபவரோடு கொடுப்பவரையும் தண்டிக்கிறது. பிற்காலத் திருத்தம் ஒன்றின் மூலம், பாதிக்கப்பட்டவர் அளிக்கும் வாக்குமூலத்தைக் கொண்டு அவர் மீதே வழக்குத் தொடரக்கூடாது என்று சேர்க்க நேர்ந்தது. லஞ்ச ஒழிப்புச் சட்டத்தில் 2018இல் வந்த திருத்தம், கட்டாயத்தின் பேரில் லஞ்சம் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் அளித்தால் அவருக்கு விலக்கு அளிக்கிறது. நோக்குக்கூலியில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் அச்சமின்றிப் புகார் அளிக்கலாம். அப்படியும் அளிப்பதில்லை என்பதிலிருந்து, அவரைத் தடுப்பது சட்டத்தைப் பற்றிய அச்சம் அல்ல, நாளைய லாரியைப் பற்றிய கவலை என்பது தெரிகிறது.

ராக்கெட் நிலையத்துக்கு வந்த 184 டன்

தடை வேலை செய்த சந்தர்ப்பங்களும் உண்டு. அவை எப்படிப்பட்டவை என்பதுதான் முக்கியம்.

2018இல் மே தினத் தடைக்குச் சில வாரங்கள் முன்பு, திருவனந்தபுரத்தில் நடிகர் சுதீர் கரமனை கட்டிவந்த வீட்டுக்கு வந்த கிரானைட்டுக்காக 25,000 ரூபாய் வாங்கப்பட்டது. செய்தி வெளியானதும் தொழிற்சங்கங்கள் தங்கள் உறுப்பினர்கள் மீது நடவடிக்கை எடுத்தன.

2021ஆம் ஆண்டு செப்டம்பரில் நடந்தது இன்னும் விநோதமானது. திருவனந்தபுரம் தும்பாவில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்கு ஒரு பெரிய இயந்திரத் தொகுதி வந்தது. எடை 184 டன். மனிதத் தோள்கள் தூக்கக்கூடிய பொருளே அல்ல. அதற்கும் நோக்குக்கூலி கேட்டு வாகனம் மறிக்கப்பட்டது; கேட்ட தொகை 10 லட்சம் ரூபாய் என்று செய்திகள் வெளியாயின. காவல்துறை தலையிட்டு வாகனத்தை உள்ளே அனுப்பியது. மறித்தவர்கள் தங்கள் உறுப்பினர்கள் அல்லர் என்று சங்கங்கள் கூறின. அது உண்மையானால் கவலை இன்னும் கூடுகிறது. தொழிலாளர் அட்டை இல்லாதவரும் கேட்கத் துணியும் அளவுக்கு இந்த வழக்கம் பொதுச் சொத்தாகிவிட்டது என்று பொருள்.

அதே ஆண்டில், கொல்லம் மாவட்டத்தில் கட்டுமானப் பணிக்குக் காவல் பாதுகாப்பு கேட்டு ஒருவர் தொடர்ந்த வழக்கை நீதிபதி தேவன் ராமச்சந்திரன் விசாரித்தார். தடை இருந்தும் வழக்குகள் வந்துகொண்டே இருப்பதை அவர் சுட்டிக்காட்டினார். நோக்குக்கூலி கேட்டதாகப் புகார் வந்தால் அதை மிரட்டிப் பணம் பறித்தல் குற்றமாகப் பதிவு செய்யுமாறு காவல் நிலையங்களுக்கு அறிவுறுத்த வேண்டும் என்று மாநிலக் காவல்துறைத் தலைவருக்கு உத்தரவிட்டார். அதற்கு முன் இத்தகைய தகராறுகளைத் தொழிலாளர் துறையின் விவகாரமாகக் கருதி ஒதுங்கிக்கொள்ளக் காவல்துறைக்கு வழி இருந்தது. 2024ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆவது பிரிவு, இக்குற்றத்துக்கு ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்க இடமளிக்கிறது. பழைய சட்டத்தில் அது மூன்று ஆண்டுகள்.

நடிகர், விண்வெளி மையம், உயர் நீதிமன்றம் வரை செல்ல வசதியுள்ளவர். தடையின் பலன் கிடைத்தவர்களாக நாடறிந்தவர்கள் இவர்களே. தெருமுனையில் டைல்ஸ் லாரியோடு நிற்பவருக்கு இந்த மூன்று வழியும் இல்லை.

ஹர்த்தால் விவகாரத்தில் நீதிமன்றம் கண்டுபிடித்த வழியோடு இதை ஒப்பிடலாம். 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் தேதி முன்னறிவிப்பின்றி நடந்த ஹர்த்தாலில் அரசுப் பேருந்துகள் உள்ளிட்ட சொத்துகள் சேதமடைந்தன. அழைப்பு விடுத்த பாப்புலர் ஃப்ரண்ட் ஆஃப் இந்தியா அமைப்பு 5.20 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பின்னர் நிர்வாகிகளின் சொத்துகள் ஜப்தி செய்யப்பட்டன. அங்கே இழப்பை எண்ணிப் பார்க்க முடிந்தது. பொறுப்பேற்க ஒரு பெயரும், கைப்பற்ற ஒரு சொத்தும் இருந்தன. நோக்குக்கூலியில் இவை மூன்றும் இல்லை. சங்கமே தடைக்கு ஆதரவாக இருக்கும்போது சங்கத்தைப் பொறுப்பாக்குவதும் எளிதல்ல.

சாவி எங்கே?

தண்டனையைக் கூட்டுவதைவிடப் பயனுள்ள ஒரு வழி, பழைய சட்டத்தின் விதிகளுக்குள்ளேயே இருக்கிறது. 1981ஆம் ஆண்டு கேரள சுமைத் தொழிலாளர் விதிகளின் 26ஏ பிரிவின்படி, ஒரு நிறுவனத்தின் சொந்தத் தொழிலாளர்கள் தங்களைச் சுமைப்பணித் தொழிலாளர்களாகப் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு பெற்றுவிட்டால் அந்த நிறுவனத்தின் சரக்கை அவர்களே ஏற்றி இறக்கலாம். பகுதிக் குழு உரிமை கோர இடமில்லை. தெருமுனையில் காவலரை நிறுத்த வேண்டிய தேவையின்றி, யாருடைய வேலை என்ற கேள்விக்கு முன்கூட்டியே எழுத்தில் விடை கிடைத்துவிடுகிறது. இத்தகைய பதிவுகளுக்குச் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்து, விண்ணப்பங்கள் நீதிமன்றம் வரை சென்றதும் உண்டு.

ஆனால் இது கடைக்கும் தொழிற்சாலைக்கும் உதவும். ஆண்டுக்கு ஒருமுறை வீட்டுச் சாமான் இறக்குபவருக்கோ, ஒரே ஒரு வீடு கட்டுபவருக்கோ உதவாது. அவருக்கு இருப்பவை தொழிலாளர் துறை அலுவலகம், காவல் நிலையம், அரசு நிர்ணயித்த கூலிப் பட்டியல் ஆகியவை. தொழிலாளர்கள் உண்மையிலேயே சுமையை இறக்கினால் பட்டியலில் உள்ள கூலியைத் தர வேண்டும், ரசீது கேட்டுப் பெறலாம். இறக்காவிட்டால் எதுவும் தர வேண்டியதில்லை.

மறுபக்கத்தில், அட்டை வைத்திருக்கும் தொழிலாளியின் நிலையும் மாறிவருகிறது. 2025ஆம் ஆண்டு மே 2ஆம் தேதி பிரதமர் மோடி நாட்டுக்கு அர்ப்பணித்த விழிஞ்ஞம் துறைமுகத்தில், கொள்கலன்களை அடுக்கும் கிரேன்களை ஓட்டுநர்கள் தொலைவிலுள்ள கட்டுப்பாட்டு அறையில் இருந்தபடி இயக்குகின்றனர். அங்கே சுமை இறங்குவதைப் பார்க்க வேண்டுமானால்கூடத் திரையில்தான் பார்க்க வேண்டும். கொச்சங்காடியின் சந்துகளுக்குள் அத்தகைய கிரேன் நுழையாது. அங்கே அரிசி மூட்டையும் மிளகு மூட்டையும் இன்னமும் தோளில்தான் இறங்குகின்றன, பட்டியலில் உள்ள கூலிக்கு.